உட்கார்ந்து குடித்த காப்பி

1

எங்க ஆயாவுக்குக் காப்பி என்றால் உயிர். விடியக் கருக்கலில் எழுந்ததும் மூணு கல் அடுப்பில் தண்ணீரை ஏற்றிவிடுவாள். வெல்லத்தைத் தட்டிப் போடுவாள். தளதளவென்று கொதிக்கிற நேரம் பார்த்துத் தூளைத் தூவி, உடனே இறக்கி மூடிவிடுவாள். 'கொதிக்க உட்டா கசந்துபூடும்டா' என்பாள். மண்டி அடியில் தங்கியபிறகு பழைய வேட்டித் துணியில் வடிகட்டுவாள். பால் கிடையாது. பாலுக்கு எங்கே போவது? அந்த வரக்காப்பியைச் சுவரோரம் குந்திக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு குடிப்பாள். அந்நேரம் யாரும் அவளிடம் பேசக்கூடாது.

கள்ளக்குறிச்சிப் பக்கத்துச் சேரியில் பிறந்தவளுக்கு இந்தப் பக்குவம் எப்படி வந்தது? ஏற்காட்டு மலையில் வந்தது. 1930களின் கடைசியில், கல்யாணமாவதற்கு முன்னால், மேஸ்திரி கொடுத்த முன்பணத்துக்கு மூணு வருஷம் தொடர்ந்து காப்பிப் பழம் எடுக்கப் போயிருக்கிறாள். கார்த்திகை மாசம் ஏறினால் மாசி மாசம் இறங்குவாள். சிவந்த பழத்தை மட்டும் பறிக்க வேண்டும். காய் கலந்தால் கூலி பிடிப்பார்கள். சாயங்காலம் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்து நிறுத்துப் போட வேண்டும். களத்தில் காயவைத்து, புடைத்து, கொட்டையைத் தரம் பிரித்தபிறகு, கழித்துப் போட்ட கறுப்புக் கொட்டையும் உடைந்த கொட்டையும் கூலிக்காரர்களுக்கு. அதை ஓட்டாஞ்சட்டியில் வறுத்து, கல்லில் இடித்துக் குடித்துத்தான் அவள் காப்பி படித்தாள்.

ஊருக்கு வந்தாள். ஊர்த்தெரு முனையில் ஒரு காப்பிக்கடை திறந்திருந்தார்கள். ஆசையாகப் போனாள். கடைக்குப் பின்னால், வேலியில் கொட்டாங்கச்சி சொருகியிருக்கும். அதை எடுத்துக் கழுவிக்கொண்டு குந்தினால், கடைக்காரர் எட்டி நின்று தூக்கி ஊற்றுவார்.

'மலைல நானே பறிச்சேன், நானே காயவச்சேன், நானே பொடைச்சேன். ஊருல எனக்குக் கொட்டாங்கச்சியில தூக்கி ஊத்துறான். ஊத்துனதும் காப்பியா அது? கழுநீரு. ஆனா வாயத் தொறந்து சொல்ல முடியுமா?'

ஆயா சொன்ன இந்தக் கடைசி வாக்கியம் என்னை ரொம்ப காலமாகத் தொந்தரவு பண்ணிக்கொண்டிருக்கிறது. கொட்டாங்கச்சியை நாம் பேசியிருக்கிறோம், எழுதியிருக்கிறோம், உடைத்துமிருக்கிறோம். அது இழிவு என்பது தெரிந்ததுதான். ஆனால் ஆயா கேட்டது இன்னொன்று. ஊற்றப்பட்டதைக் குடிக்கிறவருக்கு 'சர்க்கரை கம்மி' என்று சொல்ல வாய் இருக்கிறதா? ருசி சொல்கிற உரிமை யாருக்கு இருந்தது?

தமிழ்நாட்டில் காப்பியைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை. கும்பகோணம் டிகிரி காப்பி, பித்தளை டபரா, கள்ளிச்சொட்டுப் பால், நுரை, மாமியின் கைமணம் என்று ஒரு பெரிய ருசிப் புராணமே இருக்கிறது. அந்தப் புராணத்தில் காப்பி, வீட்டு அடுப்பங்கரையிலேயே விளைந்த மாதிரி இருக்கும். அதற்கு முந்தைய கைகளைப் பற்றிப் பேச்சே இருக்காது. அந்தக் கைகளிலிருந்து இந்த வரலாற்றைத் தொடங்கிப் பார்க்கலாம்.

2

காப்பிக்குப் பூர்வீகம் எத்தியோப்பியா. அதைப் பானமாகப் பரப்பியவர்கள் ஏமன் நாட்டு சூபிகள். இரவு முழுக்க வழிபாடு செய்யத் தூக்கம் வராமலிருக்கக் குடித்தார்கள். 17ஆம் நூற்றாண்டில் பாபா புதன் என்ற சூபி மெக்கா போய்த் திரும்பும்போது ஏழு கொட்டைகளை ஒளித்துக் கொண்டுவந்து சிக்மகளூர் மலையில் ஊன்றினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. அந்த மலைக்கு இன்றும் அவர் பேர்தான். ஆக, இன்று 'நம்மாத்துக் காப்பி' என்று கொண்டாடப்படுகிற பானம் ஒரு முஸ்லிம் பெரியவரின் மடியில் வந்து சேர்ந்ததாக ஐதீகம்.

அதைத் தோட்டப் பயிராக்கியவர்கள் வெள்ளைக்காரர்கள். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். பிறகு குடகு, வயநாடு, நீலகிரி என்று பரவியது. 1830கள் தொடங்கி இலங்கையின் கண்டிச் சீமையில் காடுகளை வெட்டிச் சாய்த்துக் காப்பி வைத்தார்கள். காடு வெட்ட, குழி எடுக்க, பழம் பறிக்க ஆள்? திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர், சேலம் சீமைகளிலிருந்து கங்காணிகள் ஆள் பிடித்துப் போனார்கள். போனவர்களில் பள்ளர், பறையர், சக்கிலியர் பெருந்தொகையினர். 1843இல் கம்பெனி அரசு அடிமை முறைக்குச் சட்டத்தில் இருந்த ஆதரவை விலக்கிக்கொண்டது. ஆனால் பண்ணையாளின் கடன் பத்திரத்தை யாரும் கிழிக்கவில்லை. பஞ்சம் வேறு. ஆண்டையின் களத்திலிருந்து ஓட ஒரு வழி கிடைத்தது என்று மலையேறினார்கள். அங்கே கங்காணியின் கடன் கணக்கு அவர்களுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. எந்தத் தோட்டத்துக்கு எவ்வளவு கடன் என்று எழுதிய 'துண்டு' ஒன்றோடு ஆளை விற்பதுபோல் கைமாற்றிய அந்த முறை 1921இல்தான் சட்டப்படி ஒழிந்தது.

எப்படிப் போனார்கள்? ராமேஸ்வரம் பக்கம் நடந்து, தோணி ஏறி, மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து தண்ணீரில்லாத காட்டு வழியாக மாத்தளை வரைக்கும் நடந்தார்கள். பழம் பறிக்கிற காலத்தில்தான் காப்பிக்கு ஆள் அதிகம் தேவை என்பதால், வருஷாவருஷம் போகவும் வரவுமாக நடை. காலராவும் காய்ச்சலும் வழிநெடுகச் சாய்த்துப் போட்டன. லண்டன் காப்பிக் கடைகளில் ஆவி பறந்த கோப்பைகளுக்குப் பின்னால் இந்தப் பாதை கிடக்கிறது.

1869இல் காப்பி இலையில் ஒரு பூசணம் விழுந்தது. இருபது வருஷத்துக்குள் இலங்கைக் காப்பி அழிந்தது. அதற்கு இரண்டு வருஷம் முன்பே, 1867இல், ஜேம்ஸ் டெய்லர் என்ற துரை லூல்கந்துரை தோட்டத்தில் தேயிலையைப் பயிர் செய்து பார்த்திருந்தார். காப்பி போன இடத்தில் தேயிலை வந்தது. செடி மாறியது, பறிக்கிற கை மாறவில்லை. தேயிலைக்கு வருஷம் முழுக்க ஆள் வேண்டும். ஆகவே போய் வந்தவர்கள் லயத்திலேயே தங்கினார்கள், பெற்றார்கள், செத்தார்கள். 1948இல் இலங்கை சுதந்திரமடைந்த கையோடு குடியுரிமைச் சட்டம் போட்டு, ஏழு லட்சம் போல மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் உட்கார்ந்து, 5,25,000 பேர் உனக்கு, 3,00,000 பேர் எனக்கு என்று பங்கு பிரித்தார்கள். இந்தியாவுக்கு வந்தவர்களில் ஒரு பகுதியினரை அரசாங்கம் எங்கே குடியேற்றியது? 1968இல் நீலகிரியில் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டத்தில்! கூடையை இறக்கிவைக்கவே விடவில்லை.

பறித்தது மட்டும்தானா? கலக்கியதும் நாம்தான். சென்னைப் பட்டணத்தில் துரைமார் வீடுகளில் சமையல்காரர்களாகவும் பட்லர்களாகவும் ஆயாக்களாகவும் இருந்தவர்களில் பறையர்கள் மிகுதி என்பதைக் காலனியக் குறிப்புகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. மாட்டுக்கறியும் பன்றிக்கறியும் சமைக்க மற்ற சாதியார் கூசிய அடுப்படி அது. அந்த அடுப்படியில்தான் காப்பியும் தேநீரும் கொதித்தன. டிகிரி காப்பி பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே காப்பிக் கொட்டையை எந்த நிறத்துக்கு வறுக்க வேண்டும் என்று தெரிந்த தமிழர்கள் சேரிகளில் இருந்திருக்கிறார்கள். பட்லர் என்றால் இளக்காரமாக 'பட்லர் இங்கிலீஷ்' என்று சிரிக்க நமக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். ஆரிங்டன் துரையிடம் பட்லராக இருந்த தம் பாட்டனார் கந்தப்பன்தான் திருக்குறள் ஓலைச்சுவடியை எல்லிஸ் துரைக்குப் போய்ச் சேரச் செய்தார் என்று அயோத்திதாசப் பண்டிதர் எழுதியிருக்கிறார். துரைக்குக் கோப்பை நீட்டிய கை சுவடியும் வைத்திருந்த கைதான்.

3

ஒரு விஷயத்தை யோசித்துப் பாருங்கள். பாலுக்கு, நெய்க்கு, சோற்றுக்கு, தண்ணீருக்கு எல்லாம் சாஸ்திரம் உண்டு. யார் தொட்டால் தீட்டு, யார் கொடுத்தால் வாங்கலாம் என்று விதி உண்டு. காப்பிக்குக் கிடையாது. மனு காப்பி குடித்ததில்லை. புதிதாக வந்த பொருள், அந்நியப் பொருள். அது நினைத்திருந்தால் சாதி கடந்த பானமாக இருந்திருக்கலாம். தெரு ஓரத்தில் காசு கொடுத்தால் யாரும் வாங்கிக் குடிக்கிற சரக்கு. இரயிலைப் போல, தபாலைப் போல. சனாதனிகள் முதலில் பயந்ததும் இதற்குத்தான். காப்பி குடித்தால் பழையது சாப்பிடும் வழக்கம் போய்விடும், உடம்பு கெடும், பெண்கள் கெடுவார்கள் என்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பத்திரிகைகளில் புலம்பினார்கள். புலம்பிக்கொண்டே குடித்தார்கள்.

அப்புறம் என்ன நடந்தது? பானத்தில் ஏற்ற முடியாத சாதியைப் பாத்திரத்தில் ஏற்றினார்கள்.

வெள்ளைக்காரர் கோப்பையின் விளிம்பில் உதடு பட வேண்டும். அது எச்சில். ஆகவே விளிம்பு மடித்த டம்ளர் வந்தது, டபரா வந்தது. ஆற்றி, அண்ணாந்து, உதடு படாமல் ஊற்றிக்கொள்ளலாம். இதை 'நம் பண்பாட்டு அழகு' என்று படம் போட்டு விற்கிறார்கள். அந்த அழகுக்கு உள்ளே இருப்பது எச்சில் பயம். அவர்கள் தாங்களாக அண்ணாந்து குடித்தால் ஆசாரம். நம்மை அண்ணாக்கச் சொல்லிக் கையில் ஊற்றினால் அது நம் தகுதி. ஒரே அசைவுதான், இரண்டு அர்த்தம்.

பட்டணங்களிலும் இரயில் நிலையங்களிலும் 'காபி கிளப்' பெருகியது. 'பிராமணாள் காபி கிளப்' என்று பலகை. உள்ளே பார்ப்பனருக்குத் தனி அறை, மற்றவர்களுக்கு வெளிக் கூடம். பஞ்சமர்களுக்கு எதுவும் கிடையாது. சில இடங்களில் வரக்கூடாது என்றே பலகை எழுதி மாட்டியிருந்தார்கள். இரயில்வே சிற்றுண்டிச் சாலைகளில் இருந்த தனிப் பந்தி, சுயமரியாதைக்காரர்களும் நீதிக்கட்சிக்காரர்களும் விடாமல் குரல் கொடுத்ததால் 1941இல் ஒழிந்தது. 1957இல் பெரியார், சென்னைத் திருவல்லிக்கேணியில் முரளி கபே பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற எழுத்தை அழிக்கச் சொல்லி மறியல் தொடங்கினார். மாதக்கணக்காக, நாள் தவறாமல், ஆட்கள் போய்க் கைதானார்கள். கடைசியில் எழுத்து அழிந்தது. இது சாதாரண வெற்றி இல்லை. யாரும் குறைத்துப் பேச வேண்டாம்.

ஆனால் நாம் கேட்க வேண்டிய கேள்வியும் இருக்கிறது. பட்டணத்துப் பலகையில் எழுத்து இருந்தது, அழிக்க முடிந்தது. எங்க ஊர்க் கடையில் பலகையே கிடையாது. கொட்டாங்கச்சிதான் பலகை. அங்கே கல்லாவில் உட்கார்ந்திருந்தவரும் பார்ப்பனர் இல்லை. பட்டணத்து ஓட்டலில் தன்னை வெளிக் கூடத்தில் உட்காரவைத்துவிட்டான் என்று கொதித்த அதே சாதி, ஊரில் நம்மை மண்ணில் குந்தவைத்தது. தனக்கு நாற்காலி கேட்டவர்கள் எல்லாரும் நமக்குப் பெஞ்சு போட்டுவிடவில்லை.

4

தேநீர் வந்த கதை இன்னும் சுவாரசியம். இங்கே விளைந்ததையெல்லாம் வெளிநாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த தோட்ட முதலாளிகளுக்கு உள்ளூர்ச் சந்தை தேவைப்பட்டது. தேயிலைக்கு வரி போட்டு அந்தப் பணத்தில் பிரசாரம் செய்தார்கள். ஊர் ஊராக வண்டி வந்தது. சந்தையில் அடுப்பு மூட்டிப் போட்டுக் காட்டி, இனாமாகக் கொடுத்தார்கள். காப்பி நடுத்தர வர்க்கத்தின் அந்தஸ்தாக நிமிர்ந்து நிற்க, டீ கூலிக்காரனின் குடியாகக் கீழே இறங்கியது. பசியைக் கொஞ்ச நேரம் மறக்கவைக்கும், விலை குறைவு. தோட்டத்தில் முதல்தரத் தேயிலை கப்பலுக்குப் போக, கடைசியில் மிஞ்சிய தூசிதான் கடைக்கு வந்தது. பாலையும் சர்க்கரையையும் கொட்டிக் கொதிக்கவைத்தால் தூசியும் டீதான்.

டீக்கடை என்றதும் எழுத்தாளர்களுக்கு ஒரு பரவசம் வந்துவிடும். தினத்தாள் வாசிப்பு, அரசியல் விவாதம், ஜனநாயகம். உண்மைதான். திராவிட இயக்கம் டீக்கடையிலும் முடிதிருத்தகத்திலும்தான் வளர்ந்தது. ஆனால் அந்த ஜனநாயகத்துக்கு ஒரு பெஞ்சு இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்தவர் வாசிக்க, நம்ம அப்பன்மார் கீழே குந்திக்கொண்டு காதால் வாங்கிக்கொண்டார்கள். அரசியலும் நமக்குக் கொஞ்சம் தூக்கித்தான் ஊற்றப்பட்டது.

தஞ்சாவூர்ச் சீமைக்குப் போனால் குடிப்பதற்கு இன்னொரு அர்த்தம் இருந்தது. வேலைக்கு நேரமானால், எதிர்த்துப் பேசினால், பண்ணையாளுக்குச் சவுக்கடி கொடுத்து, மாட்டுச் சாணியைத் தண்ணீரில் கரைத்து வாயில் ஊற்றுவார்கள். இதற்குச் 'சாணிப்பால்' என்று பேர். பால் என்று பேர் வைத்த ரசனையைப் பாருங்கள். 1940களில் பி. சீனிவாசராவ் தலைமையில் செங்கொடிச் சங்கம் வந்து, அடித்தால் திருப்பி அடி என்று சொன்னபிறகுதான் சாணிப்பால் நின்றது. ஊற்றுகிற கையைப் பிடித்து நிறுத்தினால்தான் வாய் நம்முடையதாகும் என்று அந்த மக்களுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை.

அதே கீழத்தஞ்சையில், கீழவெண்மணியில், நம் தோழர் ஒருவர் டீக்கடை வைத்திருந்தார். ஆட்கள் வேலை முடிந்து வந்து உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே கூலி பற்றிப் பேசுகிற இடம். செங்கொடியை விட்டுவிடு என்று மிராசுதார்கள் மிரட்டினார்கள். அவர் மறுத்தார். 1968 டிசம்பர் 25 அன்று அவரையும் இன்னொருவரையும் பிடித்துக்கொண்டு போய்க் கட்டிவைத்து அடித்தார்கள். சேரி திரண்டு போய் மீட்டது. அன்று ராத்திரி, ஒரு குடிசைக்குள் அடைபட்ட 44 பேர் எரிக்கப்பட்டார்கள். அரைப்படி நெல் கூலி உயர்வு என்று வரலாற்றில் எழுதுகிறோம். சரிதான். அந்த வரலாற்றின் ஓரத்தில் ஒரு டீக்கடையும் எழுதப்பட வேண்டும். சேரி ஆட்கள் குந்தாமல் உட்கார்ந்து, தங்கள் கடையில், தங்கள் கிளாசில் குடித்த இடம் அது.

5

கள்ளைப் பற்றிப் பேசாமல் இந்தக் கதை முடியாது. பேசினால் நம் ஆட்களிலேயே சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

எங்க தாத்தா கள்ளில் ரசிகர். ஒரு வாய் வைத்தாலே, இது பனை, இது தென்னை, இது ஈச்சை, இது காலையில் இறக்கியது, இது நேற்றையது என்று சொல்லிவிடுவார். அங்கேயும் எங்களுக்கு மொந்தை தனிதான் என்று சொல்லியிருக்கிறார். ஆனால் 'புளிச்சுப்போச்சு, வேற எடு' என்று கள்ளுக்கடையில் சொல்ல அவருக்கு வாய் இருந்தது. காப்பிக்கடையில் இல்லை. ஆயா கள்ளுக்கடையைக் காறித் துப்புவாள். கூலிக்காசு வீட்டுக்கு வராது, வந்தாலும் அடியோடு வரும். இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மறைக்கக்கூடாது.

1886இல் வெள்ளைக்கார அரசு ஆயத்தீர்வைச் சட்டம் கொண்டுவந்து கள்ளையும் சாராயத்தையும் கஜானாவுக்குத் திருப்பியது. 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி மந்திரிசபை சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கியது. அரிசனங்களை உய்விப்பதற்கு என்றார்கள். கள் இறங்கிய இடத்தில் டீயும் காப்பியும் ஏறின. விழுந்த வருமானத்தை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. 1948இல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு. 1971இல் தளர்த்தினார்கள், மூடினார்கள், 1981இல் திறந்தார்கள். 1987 தொடக்கத்திலிருந்து கள் தடைப்பட்டது. அந்தத் தடை பிறகு நீங்கவில்லை. 2003இல் சில்லறை மதுக்கடையையே அரசாங்கம் எடுத்துக்கொண்டது. மரத்திலிருந்து இறங்குவது குற்றம், பாட்டிலில் அடைத்து அரசு விற்றால் வருமானம்.

பெங்களூரில் 2010 வாக்கில் இருந்து ஓட்டலிலேயே பீர் காய்ச்சி விற்கிறார்கள். பெரிய செப்புக் கலங்களைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்து, இது கோதுமையில் காய்ச்சியது, இதில் காப்பி வாசம் வரும், இதில் ஆரஞ்சுத் தோல் போட்டிருக்கிறது என்று விளக்கம் சொல்லி ஊற்றுகிறார்கள். கையால் காய்ச்சிய உள்ளூர்ப் பீர் என்று அதற்கு மவுசு. எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. காய்ச்சுகிறவருக்கும் குடிக்கிறவருக்கும் ஞானம் இருக்கிறது, ரசிக்கட்டும். எங்க தாத்தாவுக்கும் அந்த ஞானம் இருந்தது. அவருக்கு அதற்காகக் கிடைத்த பேர் 'குடிகாரன்'.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து, அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். பெரும்பகுதியினர் தலித் கூலிகள். எங்க ஆயா ஊர்ப் பக்கம். அப்போதும் தொலைக்காட்சியில் 'இவங்க ஏன் குடிக்கிறாங்க?' என்றுதான் கேட்டார்கள். இவர்களுக்கு ஏன் விஷம் மட்டும் மிஞ்சுகிறது என்று கேட்டவர்கள் குறைவு.

6

சட்டங்கள் வந்தன. 1927இல் மகாடு சவுதார் குளத்தில் அண்ணல் இறங்கித் தண்ணீரைக் கையில் அள்ளிக் குடித்தார். தாகத்துக்காக அல்ல; நாமும் மனிதர் என்று நிறுவத்தான். அவர் தலைமையில் வரைந்த அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு கடை, ஓட்டல் என்று பேர் சொல்லியே யாரையும் தடுக்கக்கூடாது என்கிறது. 1955ஆம் வருஷத்துத் தீண்டாமைச் சட்டம் ஒரு படி மேலே போய், ஓட்டலில் வைத்திருக்கும் பாத்திரங்களைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பதும் குற்றம் என்று எழுதியது. கவனியுங்கள், பாத்திரம்! சட்டம் எழுதியவர்களுக்கு விஷயம் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருந்தது. 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது.

கடைக்காரர்களுக்கும் மூளை உண்டு. கொட்டாங்கச்சி அலுமினிய டம்ளரானது. நாம் அதை எதிர்த்ததும், குடித்துவிட்டுத் தூக்கிப் போடுகிற பிளாஸ்டிக் கப், அப்புறம் பேப்பர் கப் ஆனது. ஊர்க்காரருக்குக் கண்ணாடி கிளாஸ், நமக்குக் கப். கேட்டால் 'சுத்தம்' என்பார்கள். எல்லாருக்கும் கப் என்றால் சரி, நாமும் குடிப்போம். ஆளைப் பார்த்துக் கப்பை எடுத்தால் அது கொட்டாங்கச்சியின் பேரன். வேலியில் சொருகியிருந்த கொட்டாங்கச்சியாவது சாட்சிக்கு இருந்தது. கப் குப்பைக்குப் போய்விடுகிறது, வழக்குக்குச் சாட்சியும் கூடவே போய்விடுகிறது.

பறிக்கிற பக்கம் என்ன ஆனது? 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகக் கூலி கேட்டு, சிறையில் கிடந்தவர்களை விடச் சொல்லி, திருநெல்வேலி கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம் போனார்கள். போலீஸ் அடித்து ஆற்றுக்குள் விரட்டியது. தாமிரபரணியில் 17 பேர் செத்தார்கள். அதில் ஒன்று கைக்குழந்தை. 2024இல் அந்தத் தோட்டத்தையே மூடி, விருப்ப ஓய்வு என்று பேர் சொல்லி, தலைமுறைகளாக அங்கே பிறந்து வளர்ந்தவர்களை மலையிலிருந்து இறக்கினார்கள். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித்துகள் குடிக்கிற தண்ணீர்த் தொட்டியில் மலம் கிடந்தது. குடிப்பது இன்றும் சும்மா நடக்கிற காரியம் இல்லை.

ஆயாவிடம் திரும்பி வருகிறேன். 1982இல் அவளுக்குக் கண்ணில் புரை. சேலம் பெரியாஸ்பத்திரியில் அறுவை முடிந்து, கறுப்புக் கண்ணாடி போட்டு அழைத்துவந்தேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஓட்டல். 'வா ஆயா, காப்பி குடிக்கலாம்' என்றேன். வாசலிலேயே நின்றுவிட்டாள். 'நீ போய் வாங்கியாடா, நா இங்கியே குந்திக்கறேன்.' கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய் நாற்காலியில் உட்காரவைத்தேன். நுனியில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். யாராவது எழுப்பிவிடுவார்களோ என்று சுற்றும்முற்றும் பார்த்தாள். சர்வர் டபராவோடு காப்பி கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். அவருக்கு நாங்கள் யார் என்று தெரியாது. பட்டணம் நமக்குச் செய்த ஒரே உபகாரம் அந்தத் தெரியாமைதான்.

ஆயா டம்ளரை இரண்டு கையாலும் எடுத்தாள். அண்ணாக்கவில்லை. உதட்டில் வைத்து உறிஞ்சினாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணீர் வருமோ, என்னமோ என்று எதிர்பார்த்தேன். நாமெல்லாம் கதை எழுதுகிற ஆட்கள் இல்லையா!

ஆயா முகத்தைச் சுளித்தாள். சர்வரைக் கூப்பிட்டாள். அறுபத்தைந்து வயசுக்குமேல், வாழ்க்கையிலே முதல்முறையாக, ஒரு கடைக்காரரைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்:

'ஏம்பா, இது காப்பியா? பாதிக்குப் பாதி சிக்கரி. தூளைத் தீய வறுத்திருக்கீங்க. நா மலையில வேல செஞ்சவ, எனக்குத் தெரியும்.'

சர்வர் சிரித்துக்கொண்டே வேறு காப்பி கொண்டுவந்தார். அதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் முழுசாகக் குடித்தாள். மெதுவாக, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, குடித்து முடிக்க அரைமணி நேரம் ஆனது. பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்குத்தான் போனோம்.